ஒரே எண், இரண்டு பெல்லோஸ்

ஜூன் 3, 2024. திங்கள்

சங்கத்தில் சொல்லிக்கொள்வதுபோல் நான் மலருக்குக் கட்டுரை எழுத மறுக்கவில்லை. என் புகைப்படத்தை முதல் பக்கத்தில் போடவேண்டாம் என்றேன். இரண்டும் வேறு வேறு. எழுபத்தெட்டு வயதில் "பிலோமினா மேடம் முறுக்கிக்கொண்டார்" என்ற பேச்சு எனக்குத் தேவையில்லை. ஆகவே இங்கே பதிந்து வைக்கிறேன்.

நமச்சிவாயம் காலை பத்தரைக்கு வந்தார். பத்து மணி என்று சொல்லியிருந்தார். கப்பல் தளத்தில் வெல்டிங் ஃபோர்மனாக இருந்தவர். இப்போது, எங்கள் தளத்தில் வேலை பார்த்துத் திருச்சிப் பக்கம் வந்து ஓய்ந்திருக்கும் தமிழ் ஊழியர்களின் சங்கத்துக்குச் செயலாளர். நாங்கள் கட்டியவை மூன்று ஏவுகணை நாசகாரிக் கப்பல்கள். முதலாவதைக் கடற்படை இந்த மாதம் பணியிலிருந்து விடுவிக்கிறது. அதற்காக முப்பதாம் தேதி இங்கே ஒரு விழா, ஒரு மலர். மலரின் அச்சுப்படிகள் அறுபத்து நான்கு பக்கம். மேசைமேல் வைத்தார்.

"பிழை பாக்க உங்களை விட்டா ஆளே இல்ல மேடம். நீங்க சிவப்பு மையைத் தொறந்தீங்கன்னா கப்பலே திரும்பித் தளத்துக்கு வந்துரும், இருங்க, சரி பண்ணிட்டுப் போறேன்னு."

"என் போட்டோ?"

"எடுத்தாச்சு. அந்த எடத்துல நங்கூரம் போட்டுட்டோம்."

நங்கூரம் தலைகீழாக அச்சாகியிருந்தது. குறித்துக் கொடுத்தேன்.

மலரில் தளத்தின் பெயரும் கப்பல்களின் பெயர்களும் இருக்கின்றன. அது அவர்கள் பொறுப்பு. நான் எழுதமாட்டேன். எழுதுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்றதால் கையெழுத்து அழிந்துவிடாது.

ஜூன் 4, செவ்வாய்

தெருவெங்கும் வெடிச் சத்தம். தேர்தல் முடிவு. வீட்டு வேலைக்கு வரும் செண்பகம் வரவில்லை. பாத்திரம் கழுவிவிட்டுப் பன்னிரண்டு பக்கம் முடித்தேன்.

ஜூன் 6, வியாழன்

கப்பலின் நீளம் ஒன்பதாம் பக்கத்தில் 147 மீட்டர், இருபதாம் பக்கத்தில் 174. ஏவுகணைகள் "கொடிமரத்திலிருந்து சீறிப் பாய்ந்தன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொடிமரத்தில் ரேடார் இருக்கும், கொடி இருக்கும், கடற்பறவை இருக்கும். ஏவுகணைகள் முன்தளத்துப் பெட்டிகளில் இருந்தன. முப்பது வருடம் அந்தக் கப்பலில் பெயின்ட் அடித்தவர் எழுதியது இது.

மலர் முழுக்கப் பீரங்கியும் ஏவுகணையும் ரேடாரும்தான். கப்பலை வடிவமைப்பது பாதி வேலை. முப்பது வருடம் அதைக் கடலில் ஓடவைக்க எந்தச் சாமான் எத்தனை வேண்டும், எந்த எண்ணில், எந்த அலமாரியில் என்று எழுதி வைப்பது மறுபாதி. நடுக்கடலில் ஒரு வால்வு ஒழுகினால் மாலுமிக்கு வடிவமைப்பாளர் யார் என்று தெரியாது. அவர் கையிலிருப்பது உதிரிபாகப் புத்தகம். அதில் ஒரு படம், பக்கத்தில் ஓர் எண். அந்த எண்ணைக் கரைக்கு அனுப்புவார், சாமான் வரும். அந்தப் புத்தகம் என் வேலை. வரைபடக் கூடத்தில், மூல வரைபடத்தின்மேல் தாள் வைத்துப் பிரதி எடுக்கும் டிரேசராகச் சேர்ந்து, உதிரிபாகப் பட்டியல் பிரிவின் தலைமைக்கு வந்தேன். கூடத்தில் நாற்பத்தொரு ஆண்கள், ஒரு பெண்.

இதை ஒரு கட்டுரையாக எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம்.

ஜூன் 7, வெள்ளி

நாற்பத்தொன்றாம் பக்கம்வரை வந்தேன். தலைவலி. நிறுத்திவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஏழு மணிப் பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன்னால் ஆறு பேர் வரிசையில் இருந்தார்கள். வெயில் ஏறுமுன் வீடு திரும்பவேண்டும் என்பதால் நிற்கவில்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

"1994 ஜூலையில் நம் இரண்டாவது கப்பல் ஏவுகணைப் பரிசோதனைக்குப் போனபோது, ஸ்டோர் கீப்பர் திரு. குருபாதத்தின் அலட்சியத்தால் பழைய சாமான் அனுப்பப்பட்டு, பம்ப் அறையில் பெல்லோஸ் வெடித்துப் பரிசோதனை நின்றுபோனது நம் வரலாற்றில் ஒரு கறுப்புப் புள்ளி. ஆனால் பன்னிரண்டாயிரம் உதிரிபாகங்களின் பட்டியலை, பின்னால் ஓர் எண்ணைக்கூடத் திருத்தவேண்டிய அவசியமில்லாமல் முடித்துத் தந்த திருமதி பிலோமினா சவரிராயனின் நேர்த்தி என்றைக்கும் நம் பெருமை."

"வெடித்து" என்பது தவறு. ரப்பர் கிழியும். "கிழிந்து" என்று திருத்தினேன்.

பெல்லோஸ் என்பது பம்புக்கும் குழாய்க்கும் நடுவே வைக்கும், மடிப்பு மடிப்பான ரப்பர் துண்டு. பம்ப் ஓடும்போது அதிரும். அந்த அதிர்வு குழாய் வழியாகக் கப்பலின் உடலுக்குப் போனால், ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கி அதைக் கேட்டுவிடும். அதிர்வைக் குழாய்க்கு விடாமல் விழுங்குவதற்காக இந்த ரப்பர். தாங்குவதற்கு உள்ளே துணி வரிகள் இருக்கும்.

முதல் கப்பலில் எட்டு ஏவுகணைகள். அவை இருக்கும் பெட்டிகளில் தீப்பிடித்தால் கடல்நீரைக் கொட்டும் பம்புக்கு ஏழு பார் அழுத்தம் போதுமானதாக இருந்தது. இரண்டாம் கப்பலில் ஏவுகணைகள் பதினாறு. பம்ப் பெரிதாகி, அழுத்தம் பத்து பார் ஆயிற்று. ஆகவே பெல்லோஸில் மூன்று வரித் துணிக்குப் பதிலாக ஐந்து வரி. வெளி அளவு மாறவில்லை. எட்டு போல்ட் துளைகளும் அதே இடத்தில். இரண்டாம் கப்பல் மாற்றுப் பெல்லோஸ் ஒன்று கேட்டது. ஸ்டோரிலிருந்து போனது மூன்று வரி. அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

விசாரணை வைத்தார்கள். இரண்டுக்கும் எண் ஒன்றே என்றாலும் சீட்டில் எண்ணுக்குப் பின்னால் வரும் திருத்த எழுத்து வேறாக இருந்தது, அதை ஸ்டோர் கீப்பர் பார்த்திருக்கவேண்டும் என்று முடிவாயிற்று. குருபாதம் பதவி இறக்கப்பட்டு பேக்கிங் பிரிவுக்குப் போனார். பம்ப் அறையில் நின்ற மாலுமி ஒருவருக்கு ஒரு கண் போயிற்று. பரிசோதனை செப்டம்பரில் மறுபடி நடந்து வெற்றி பெற்றது.

விசாரணை முடிந்த விஷயம்.

ஜூன் 11, செவ்வாய்

நமச்சிவாயம் போன் செய்தார்.

"நாப்பத்தொண்ணு பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன். வெடிக்கலை, கிழிஞ்சது."

"அதுவும் சரிதான். எழுதுனது நம்ம பழைய மேனேஜரோட மகன். அப்பா வச்சிருந்த பைலைப் பாத்து எழுதிருக்கான். இப்ப ஒரு சங்கடம். குருபாதம் விழாவுக்கு வர்றாராம்."

"யார் கூப்பிட்டது?"

"மெம்பர் ஆச்சே மேடம், வராதேன்னா சொல்ல முடியும்? லால்குடியில மகனோட மோட்டார் பம்ப் சாமான் கடை வச்சிருக்கார். நம்ம ஆளுங்களே அங்கதான் வாங்குறாங்க. இப்பவும் அதே பாட்டுதான். 'மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன், அவங்க சொல்லித்தான் அனுப்புனேன்'னு. முப்பது வருசமா ஒரே ரிக்கார்டு. நாங்க யாராவது ஆரம்பிச்சா, 'என்ன குருபாதம், மேடம் லைன்ல இருக்காங்களா'ன்னு ஓட்டுவோம். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

விசாரணையில் என்னிடம் கேட்டார்கள். அப்படி ஒரு போன் நினைவில்லை என்றேன். என்னிடம் எதைக் கேட்பதானாலும் எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குவதுதான் வழக்கம், எழுத்து இருந்தால் காட்டட்டும் என்றேன். என் வழக்கம் தளம் முழுவதும் தெரிந்தது. யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. குருபாதத்திடம் எழுத்து இல்லை.

லால்குடி இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அவர் அங்கே இருப்பது எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும்.

ஜூன் 12, புதன்

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. செண்பகம் துணி கட்டிவைத்தாள். அது தீர்வாகாது என்றேன். "இன்னைக்குத் தீர்வு இதுதாம்மா" என்றாள்.

ஜூன் 14, வெள்ளி

இன்றும் நாற்பத்தொன்றாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சாமானை மாற்றி வரைந்தால் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். புதியதைப் பழையதின் இடத்தில் வைக்கலாமா? பழையதைப் புதியதின் இடத்தில் வைக்கலாமா? இரண்டுக்கும் ஆம் என்றால் எண் மாறவேண்டாம், திருத்த எழுத்து மட்டும் மாறினால் போதும். ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் புதிய எண் கொடுக்கவேண்டும். பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருவது. சொல்லித் தந்தவள் நான்.

பெல்லோஸுக்கு முதல் கேள்வியைக் கேட்டேன். ஐந்து வரி, மூன்று வரியின் இடத்தில் தாராளமாக நிற்கும். இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்று எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன். சரியில்லை. கேட்டேன். பதிலும் தெரிந்திருந்தது.

1993 நவம்பர். இரண்டாம் கப்பலுக்கான பட்டியல் முடிந்து மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கூடத்தின் நடுவில் நின்று, "மூடிய பிறகு ஓர் எண்கூட மாறப்போகாத முதல் பட்டியல் இது, எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னார். நாற்பத்தொரு பேரும் பார்த்தார்கள். அதற்கு மூன்றாவது நாள் பம்பின் அழுத்தம் கூடிய செய்தி வந்தது. புதிய எண் கொடுத்தால் பதினொரு தாள்களைத் திறக்கவேண்டும். திறந்தால் திறந்ததை எல்லாருக்கும் சுற்றறிக்கையாக அனுப்பவேண்டும். ஸ்டோரில் பழைய பெல்லோஸ் நான்குதான் இருந்தன. அவை முதல் கப்பலுக்கே தீர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருத்த எழுத்தை மட்டும் மாற்றினேன்.

கான்வென்ட்டில் ஊசிவேலை வகுப்பில் ஒரு தையல் தவறினாலும் வரி முழுவதையும் பிரிக்கச் சொல்வார் சிஸ்டர் யூஜின். மற்றவர்கள் அழுவார்கள். நான் மளமளவென்று பிரித்துவிட்டு மறுபடி போடுவேன். பிரிப்பதில் வகுப்பிலேயே எனக்குத்தான் வேகம் என்று ஒரு சின்னப் படம் பரிசாகக் கொடுத்தார். அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிறுமிகள்.

ஜூன் 16, ஞாயிறு

என் கணவர் போய் இன்றோடு ஆறு வருடம். அவர் பெயருக்குப் பூசை கொடுத்திருந்தேன். பங்குத்தந்தை பெயரைச் சரியாக வாசித்தார்: சவரிராயன். போன வருடம் சவரிமுத்து என்று வாசித்தார்கள்.

அவர் அதே தளத்தில் எஞ்சின் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். எதற்கும் வாதாடுகிற மனிதர். உப்பு, அரசியல், மகளுக்கு எந்தக் கல்லூரி, மின்விசிறி எந்த வேகத்தில் ஓடவேண்டும், எல்லாவற்றுக்கும். வாதாடி முடித்துவிட்டு நான் சொன்னதையே செய்வார். எங்கள் வீட்டில் சத்தம் இல்லாத நாள் இருந்ததில்லை.

1994 மார்ச்சில் ஒருநாள் சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்: "ஸ்டோர்லேருந்து குருபாதம்னு ஒருத்தர் போன் பண்ணுறார், ரெண்டு பெல்லோஸ் இருக்கு, எதை அனுப்புறதுன்னு. நம்பர் ஒண்ணா இருக்கறப்ப இது என்ன கேள்வி?" அவர் சிரித்தார். "உன்கிட்ட போன்ல கேட்டானா? தைரியசாலிதான்" என்றார்.

விசாரணை நடந்த நாள் மாலை வந்து கேட்டார்.

"என்ன சொன்னே?"

"ஞாபகம் இல்லைன்னு சொன்னேன்."

தட்டில் பாதி இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

அதன்பின் அவர் என்னோடு வாதாடவில்லை. "நீ சொன்னாச் சரி" என்பார். இருபத்து நான்கு வருடம் அப்படியே சொன்னார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். உறவினர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

குழாய்க்கு வாஷர் வாங்க லால்குடி போனேன்.

"ஏம்மா, தெருமுனையிலயே கடை இருக்கே" என்றாள் செண்பகம். அங்கே தரமாக இல்லை என்றேன்.

கடை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். மகன் வெளியே போயிருந்தார். குருபாதம் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயது இருக்கும். தலைமுடி முழுக்க வெளுத்துவிட்டது, முதுகு வளையவில்லை. என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்தார்.

"வாங்க மேடம்." மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

"கொழாய்க்கு ஒரு வாஷர் வேணும்."

"திருச்சியில தீந்துபோச்சா?"

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அரை இஞ்சா, முக்காலா?"

"அரை."

"எந்தக் கொழாய்க்கு? சமையக்கட்டா, மாடித் தொட்டியா? பிரஷர் வேற வேற. கேட்டுட்டுத்தான் குடுப்பேன். கேட்டுக் குடுத்தும் நம்ம தலையில விடிஞ்ச காலம் உண்டு, ஆனாலும் கேக்குற பழக்கம் போகலை."

அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நீல மையில் எண். நான் அவற்றைப் படிப்பதைப் பார்த்தார். இரண்டு பெட்டிகளை எடுத்து என் முன்னால் திறந்தார். இரண்டிலும் ஒரே மாதிரி ரப்பர் வளையங்கள்.

"இது அஞ்சு எச்.பி. மோட்டாருக்கு. இது ஏழரைக்கு. கம்பெனிக்காரன் ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான் போட்டு அனுப்புறான். நான் தனித்தனியா நம்பர் போட்டு வச்சிருக்கேன். மகன் சிரிக்கிறான், அப்பாவுக்கு வேற வேலை இல்லைன்னு."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். உள்ளேயிருந்து மருமகள் மோர் கொண்டு வந்தார்.

"யாரு மாமா இவங்க?"

"எங்க தளத்துல பெரிய டிராயிங் மேடம். தப்பே பண்ணமாட்டாங்க."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் மோரைக் குடித்தேன். உப்பு அதிகம்.

"விழாவுக்கு வர்றீங்களாமே" என்றேன்.

"வர்றேன். பேத்தி என்ஜினியரிங் சேந்திருக்கா. 'தாத்தா, நீ கப்பல் கட்டுனியா, சாமான் கட்டுனியா'ன்னு கிண்டல் பண்ணுவா. புஸ்தகத்துல என் பேரு வருதுன்னு நமச்சிவாயம் சொன்னார். அவளையும் கூட்டிட்டு வர்றேன், அவளே படிக்கட்டும்."

என்ன வருகிறது என்று நமச்சிவாயம் சொல்லவில்லை போலும். அல்லது சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

எழுந்துகொண்டேன்.

"பில் போடுறேன் மேடம். எழுத்துல இருந்தா நல்லது."

வேண்டாம் என்றேன். போட்டே கொடுத்தார்.

ஜூன் 19, புதன்

வாஷர் பொருந்தவில்லை. முக்கால் இஞ்ச் கேட்டிருக்கவேண்டும்.

ஜூன் 20, வியாழன்

அச்சுப்படிகளை வாங்க நமச்சிவாயம் வந்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அந்தப் பத்தி முழுவதையும் அடித்துக் கொடுத்தேன்.

"அய்யய்யோ, உங்க பாராட்டும் சேந்து போகுதே மேடம்."

"போகட்டும்."

"குருபாதத்துக்காகவா? அந்தாளு உங்க மேல பழி போட்டதை மனசுல வச்சுக்காம... பெரிய மனசு மேடம் உங்களுக்கு."

அறுபத்து நான்கு பக்கத்தில் முந்நூற்றுச் சொச்சம் பிழைகளைத் திருத்தினேன். இந்த வாக்கியத்தைத் திருத்தவில்லை.

இரவு உணவு வேண்டியிருக்கவில்லை. பத்தி போய்விட்டது, பேத்தி படிக்க அங்கே எதுவும் இருக்காது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 22, சனி

மகள் டொரண்டோவிலிருந்து பேசினாள். "அம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கே." குழாய் ஒழுகுகிறது என்றேன்.

பிறகு நமச்சிவாயம்.

"குருபாதத்துக்கிட்ட சொன்னேன் மேடம், அவரைப் பத்தித் தப்பா இருந்ததை எடுத்தாச்சுன்னு. சந்தோசப்படுவார்னு பாத்தா, 'யாரு அடிச்சா?'ன்னார். மேடம்னேன். 'காரணம் என்ன போட்டுருக்காங்க?'ன்னு கேக்குறார். என்ன காரணம் சொல்றது? எடம் பத்தலைன்னுட்டேன்."

"அதுக்கு?"

"'எடம் பத்தலைன்னு எடுத்ததை, எடம் இருக்கறப்ப திரும்பப் போட்டுருவாங்க'ன்னு சொல்லிட்டு வச்சுட்டார். மனுசனுக்குத் திருப்தியே கிடையாது பாருங்க."

வரைபடத்தின் மூலையில் ஒரு கட்டம் உண்டு. என்ன மாறியது, மாற்றியவர் யார், ஏன். காரணம் எழுதாமல் ஒரு கோட்டை அழித்துக் கொண்டுவந்தால் நான் வாங்கமாட்டேன். நூற்றுக்கணக்கான தாள்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிலர் மேசையிலிருந்து அழுதுகொண்டே எடுத்துப் போயிருக்கிறார்கள். இது அவருக்குத் தெரியும். ஸ்டோரில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஜூன் 23, ஞாயிறு

பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எட்டு பேர். புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார். பெல்லோஸ் என்றால் என்ன என்று விளக்கவேண்டியிருந்தது. பொறுமையாகக் கேட்டார்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்கம்மா, சரி. அவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லை."

"அப்ப இன்னும் பாதிதான் ஆகியிருக்கு."

வரிசையில் பின்னால் நின்ற பெண் இருமினார். நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 24, திங்கள்

காலை எட்டு மணிக்கு நமச்சிவாயத்துக்கு நானே போன் செய்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த இடத்தைக் காலியாக வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ" என்றேன்.

"இருக்கேன் மேடம்" என்றார். "முப்பது வருசமா அந்த மனுசனை நாங்க கிண்டல் பண்ணிருக்கோமே மேடம்" என்றார். பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, என்னிடம் விடைபெறாமல் வைத்துவிட்டார்.

பகல் முழுவதும் எழுதினேன். நான்கு முறை. முதல் மூன்றிலும் எனக்குச் சாதகமான வார்த்தைகள் வந்துகொண்டிருந்தன. அனுப்பிய கடிதத்தின் நகல் இது:

திரு. குருபாதம் அவர்களுக்கு,

வணக்கம். பதினெட்டாம் தேதி நான் உங்கள் கடைக்கு வந்தது வாஷருக்காக இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினேன். அதை இப்போது எழுதுகிறேன்.

1993 நவம்பரில் இரண்டாம் கப்பலின் பெல்லோஸ் மாறியபோது நான் அதற்குப் புதிய எண் கொடுத்திருக்கவேண்டும். விதி எனக்குத் தெரியும். மறந்துவிடவும் இல்லை. முடிந்துவிட்டது என்று பாராட்டு வாங்கிய பட்டியலை எல்லார் முன்னாலும் திறக்க மனம் வரவில்லை. அதனால் ஒரே எண்ணில் இரண்டு சாமான்கள் உங்கள் அலமாரிக்கு வந்தன.

1994 மார்ச்சில் நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். தேதி நினைவில்லை, காலை பதினொரு மணி இருக்கும். பழையதில் மூன்று வரித் துணி, புதியதில் ஐந்து வரி தெரிகிறது, எதை அனுப்புவது என்று கேட்டீர்கள். அந்தத் தளத்தில் வேறு யாரும் அதை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். எண் ஒன்றுதானே, பழையது முதலில் போகட்டும், உங்கள் ஸ்டோர் விதியும் அதுதானே என்றேன். "எழுத்துல குடுத்துருங்க மேடம்" என்றீர்கள். ஒரே எண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்டு போனை வைத்தேன். எழுதிக் கொடுத்தால், அந்த எண்ணைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தது என்பதற்கு அது அத்தாட்சியாகிவிடும் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

விசாரணையில் நினைவில்லை என்றேன். நினைவிருந்தது. நீங்கள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

இதை நாற்பத்தொன்றாம் பக்கத்தில், நீக்கிய பத்தியின் இடத்தில், என் கையெழுத்துடன் அச்சிட ஏற்பாடு செய்திருக்கிறேன். உங்கள் பெயரும் அதில் வரவேண்டும் என்று விரும்புகிறேன், உங்கள் பேத்தி படிப்பதற்காக. ஆனால் உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரைப் பற்றி இன்னொரு முறை நான் முடிவெடுக்கக்கூடாது. நீங்கள் வேண்டாம் என்றால் என் பெயர் மட்டும் வரும். எப்படியானாலும் என் பெயர் வரும்.

மன்னிப்பை இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. நீங்கள் அனுமதித்தால் நேரில் வந்து, உங்கள் வீட்டார் முன்னிலையில் கேட்பேன்.

இன்னொன்று. கண்ணை இழந்த மாலுமியின் பெயர் எனக்குத் தெரியாது. விசாரித்துத் தெரிந்துகொள்ளவும் இல்லை. நீங்கள் கடற்படை மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்ததாக அந்த நாட்களில் கேள்விப்பட்டேன். உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர் பெயரையும் ஊரையும் குறிப்பிடுங்கள். அவருக்கும் நான் எழுதவேண்டும்.

அச்சகம் இருபத்தெட்டாம் தேதிவரை காத்திருக்கும். என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பெயர் வரலாமா, வேண்டாமா என்பதைத் தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பிலோமினா சவரிராயன்